ஒரே கூரை, வேறு வாசல்

நம் சிறுபத்திரிகைகளில் சினிமாவைப் பற்றி வந்திருப்பவற்றை ஒரு சேர வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே திரையைப் பற்றியவை என்பது தெரியும். தமிழ்ப் படம் ஏன் இன்னும் நாடகமாகவே இருக்கிறது, ஏன் இத்தனை பாட்டு, ஏன் இவ்வளவு பேச்சு என்ற கேள்விகள். நியாயமான கேள்விகள்தான், பதில் கிடைத்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. ஆனால் இவற்றைக் கேட்ட விமர்சகன் இருட்டில் உட்கார்ந்து முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். பக்கத்தில் யார் இருக்கிறான், அவன் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்பதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. படத்தின் சரித்திரம் நம்மிடம் ஓரளவு இருக்கிறது. நான்கு தெருக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சின்னக் கொட்டகையின் சரித்திரம் விமர்சனத்துக்குரிய விஷயமாக நமக்குத் தோன்றவில்லை.

விலக்காகச் சொல்லவேண்டியவர் கா. சிவத்தம்பி. தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகக் கொண்டு 1981ல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலில் ஒரு கருத்து வருகிறது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இருக்கை பிறப்பின் படிநிலையை ஒட்டி அமையவில்லை, வாங்கும் சக்தியை ஒட்டி அமைந்தது என்பது அதன் சாரம். இதற்குப் பிறகு தமிழ் சினிமாவின் சமூகப் பின்னணியைப் பற்றி எழுதிய பலரும் இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டிருக்கிறார்கள். கூரையின் கீழே இருந்தவர்களைப் பற்றி யோசித்த அபூர்வமான வாக்கியம் அது.

பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதை ஏற்பது எளிது. ஒரு மனிதன் எங்கே நிற்கலாம், எதுவரை வரலாம் என்பதைக் கோபுரங்களும் மதில்களும் தீர்மானித்து வந்த ஊர் இது. ஏகாம்பரநாதர், காமாட்சி, கச்சபேசுவரர் என்று கோவில்களைச் சுற்றி வீதிகள்; வீதிகளுக்குப் பின்னால் தெருக்கள்; அதற்கும் பின்னால் பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களில் தறிச் சத்தம். சாமி புறப்பாடு எந்த வீதியில் போகும், எங்கே நின்று தீபாராதனை வாங்கும் என்பதிலேயே ஊரின் சமூகப் படம் எழுதப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் காசு கொடுத்தவன் யாராயிருந்தாலும் உள்ளே வரலாம் என்று ஒரு கட்டிடம் எழும்பியது சின்ன விஷயமில்லை. நான் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஆயாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். தறிக்காரன் மனைவி, கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பகுதிக் கொட்டகையில் படம் பார்த்தவள். அவள் சிரித்தாள். "ஒரே கொட்டாதான், யாரு இல்லேன்னாங்க? ரோட்டு வாசல்ல அவங்க வருவாங்க. நாம சந்து வாசல்ல போவோம். உள்ள போனா ஒரே படம்தான்" என்றாள். நான் படித்த வாக்கியத்தில் இல்லாத ஒரு விஷயம் அவள் பேச்சில் இருந்தது. வாசல்.

அந்தக் கொட்டகையை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்த முகப்பில் படிகள், போஸ்டர், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஸ்டில் படங்கள். சேர் டிக்கெட்டுக்காரர்கள் அந்த வழியாக ஏறிப் போவார்கள். தரைக்கும் பெஞ்சுக்கும் பக்கத்துச் சந்தில் தனிக் கவுன்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நிற்கக்கூடிய நீண்ட பாதை. முடிவில் கையளவு ஓட்டை. அதில் முஷ்டியை நுழைத்துக் காசைக் கொடுத்தால் அதே முஷ்டிக்குள் டிக்கெட் திணிக்கப்படும். உள்ளே தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு குட்டிச் சுவர். பெண்கள் பக்கத்துக்கு இடுப்பளவு இன்னொரு சுவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான சின்னக் கொட்டகைகள் இந்த வரைபடத்தில்தான் கட்டப்பட்டன. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கொட்டகைத் தொழிலின் ஆரம்பத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் நிற்பவர் ஒரு குமாஸ்தா. சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்பார்கள். 1905ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து, உடல்நலம் கெட்டுத் திரும்பவேண்டியதாகி, கருவியையும் ஏசுவின் வாழ்க்கை முதலான துண்டுப் படங்களையும் விற்க முன்வந்தபோது வின்சென்ட் வாங்கினார். விலையாக வழக்கமாகக் குறிப்பிடப்படும் தொகை 2,250 ரூபாய். வங்கிக் குமாஸ்தாவின் பழக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்: சரியாகத் தொண்ணூறு மாதச் சம்பளம், ஏழரை வருஷம். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்துடன் புறப்பட்டவர் தென்னாட்டு ஊர்களோடு நிற்காமல் வடக்கே லாகூர் வரைக்கும், கடல் தாண்டி ரங்கூனுக்கும் போனார். 1914ல் கோயம்புத்தூருக்குத் திரும்பி வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். பைக்காரா மின்சாரம் அந்த ஊருக்கு வருவதற்குப் பல வருஷங்கள் முன்பு. கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எஞ்சின் வைத்து உண்டாக்கிக்கொண்டார்.

சென்னையிலும் இதே காலம்தான். மவுண்ட் ரோடில் 1913ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். அடுத்து, போட்டோகிராபராக இருந்த ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். எலெக்ட்ரிக் தியேட்டர் சில வருஷங்கள்கூட நிலைக்கவில்லை. தபால் இலாகா அதை வாங்கியது. கட்டிடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது, தபால் தலை விற்கிறார்கள். கொட்டகையாக இருப்பதை நிறுத்திக்கொண்டதால்தான் அது பிழைத்தது என்று சொல்லலாம். வெரைட்டி ஹால் பின்னால் டிலைட் தியேட்டர் ஆகி, இந்த நூற்றாண்டிலும் ஓடி, இப்போது கொட்டகையாக இல்லை. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் மட்டும் ஊரில் புழங்குகிறது.

கூடாரத்துக்கு வாசல் பிரச்னை இல்லை. துணியைத் தூக்கினால் அதுவே வாசல். நிரந்தரக் கட்டிடம் வந்ததும் யார் எங்கே உட்காருவது என்பதைச் சுவராகவே எழுப்பவேண்டியதாயிற்று. முன்மாதிரியாக இருந்தவை இரண்டு: கோவில், நாடகக் கொட்டகை. இரண்டிலும் விதி ஒன்றுதான். கர்ப்பக்கிருகத்துக்குப் பக்கத்தில் நிற்பது அந்தஸ்து; நாடகத்தில் மேடைக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்வது அந்தஸ்து. பார்க்கப்படுவதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறோமோ அவ்வளவு உயர்வு. சினிமா இதைத் தலைகீழாக்கிற்று. பெரிய திரைக்கு அடியில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், கண் கூசும், முகங்கள் நீண்டு தெரியும். படம் நன்றாகத் தெரிவது பின்னால், புரொஜெக்டருக்குப் பக்கத்தில். ஆகவே காசுள்ளவர்கள் பின்னால் போனார்கள். தரை டிக்கெட் முன்னால் வந்தது. 1930களில் பேசும் படம் வந்து நாடகக் கொட்டகைகள் பல சினிமாவுக்கு மாறியபோது, அதே கட்டிடத்துக்குள் பெரிய மனிதர்கள் எழுந்து பின்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எந்தச் சீர்திருத்தக்காரரும் கேட்டுக்கொள்ளாமல், ஒரு லென்ஸின் தேவைக்காக நடந்த இடமாற்றம் இது.

சட்டம் கொட்டகைக்குள் நுழைந்தது வேறு காரணத்துக்காக. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பஞ்சு மாதிரி பற்றிக்கொள்ளும். 1897ல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டிய விளக்கிலிருந்து தீப்பிடித்து நூற்றிருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இங்கிலாந்தில் 1909லும் இந்தியாவில் 1918லும் சினிமாட்டோகிராப் சட்டங்கள் வந்தன. லைசென்ஸ் இல்லாத இடத்தில் படம் காட்டக்கூடாது, சான்றிதழ் இல்லாத படத்தைக் காட்டக்கூடாது என்று இந்தியச் சட்டம் சொன்னது. ஆபரேட்டர் அறைக்குத் தனிச் சுவர், மணல் வாளி, வெளியே திறக்கும் கதவுகள் எல்லாம் இந்தக் கவலையிலிருந்து பிறந்தவை. பாதுகாப்பான பிலிம் வந்த பிறகும் கீற்றுக்கூரை இருக்கத்தான் செய்தது. 1979ல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் கொட்டகை எரிந்து பலர் மாண்டார்கள். இறந்தவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தக் கூரையின் கீழ் படம் பார்த்தவர்கள்.

தீயைப் பற்றி இவ்வளவு விவரமாகக் கவலைப்பட்ட சர்க்கார், யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பற்றிச் சட்டம் செய்யவில்லை. டிக்கெட் விற்பவன் ஜாதி கேட்டால் கல்லா நிறையாது என்பதால், அது வியாபாரத்தின் விதியாகவே இருந்தது. வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம், விதி அதுதான். கோவிலுக்குள் எல்லோரும் போகலாம் என்பதற்குப் போராட்டம் வேண்டியிருந்தது. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாதய்யர் நடத்திய ஆலயப் பிரவேசமும், அதைச் சட்டபூர்வமாக்க ராஜாஜி மந்திரிசபை செய்த சட்டமும் தெரிந்தவை. மாகாணம் முழுவதற்குமான கோவில் நுழைவு உரிமை 1947ல்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1939ல் அதே மந்திரிசபை கேளிக்கை வரிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. முன்பு ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால் விதிக்கலாம் என்றிருந்த வரி மாகாணச் சட்டமாயிற்று. ஒரே வருஷத்தில் ஒரு வாசலைத் திறப்பதற்கு ஒரு சட்டம், ஏற்கனவே திறந்திருந்த இன்னொரு வாசலில் தலையெண்ணிக் காசு வசூலிக்க ஒரு சட்டம். தரை டிக்கெட்டுக்காரன் ராஜாங்கக் கணக்கில் எல்லோரோடும் சமமாக எண்ணப்பட்ட முதல் இடங்களில் ஒன்று அந்த டிக்கெட்டின் அடிக்கட்டை.

இந்த இடத்தில் சிவத்தம்பியின் வாக்கியத்துக்குத் திரும்பவேண்டும். இருக்கையைத் தீர்மானித்தது வாங்கும் சக்தி என்கிறார். நான் வேலை பார்க்கும் கவுன்டரிலும் யாரையும் ஜாதி கேட்பதில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். ஆனால் யார் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது எங்கள் லெட்ஜரில் தொடங்கிய விஷயமில்லை. நிலம் யாருக்கு, தறி யாருக்கு, அந்தத் தறியில் ஓடும் பட்டும் ஜரிகையும் யார் கொடுத்தது என்ற பழைய கணக்குகளின் மீதிதான் எங்களிடம் வருகிறது. அப்படியானால் வாங்கும் சக்தி என்பது பிறப்பிலிருந்து முழுக்க விடுபட்டதல்ல. பிறப்பு, ரூபாயாக மாற்றப்பட்டுச் சந்து வாசலில் வந்து நின்றது. ஒரே கூரை என்பது உண்மை. வேறு வாசல் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லும்போது கொட்டகை ஒரு ஜனநாயக விக்கிரகமாகிவிடுகிறது. இரண்டாவதை மட்டும் சொன்னால் என் ஆயா அங்கே போய் அடைந்தது என்னவென்று விளங்காமல் போய்விடும்.

அவள் அடைந்தது என்ன என்பதற்கு அமாவாசையைச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. கோர்வைச் சேலை நெய்பவனுக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் இரண்டு. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட எதிரே ஒரு பையன் வேண்டும். குழித் தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறவரை எழுந்திருக்க முடியாது. அமாவாசையன்றுதான் முதுகு நிமிரும். அன்றைக்கு, கூலி கைக்கு வந்திருந்தால், தாத்தா சேர் டிக்கெட் வாங்குவாராம். எப்போதும் அல்ல, வருஷத்தில் இரண்டு மூன்று தடவை. ரோட்டு வாசல் வழியாகப் படியேறிப் போவார்கள். சேலைக்கடை முதலாளியின் கணக்குப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் இருந்தால் தாத்தா எழுந்து நிற்கமாட்டார் என்று ஆயா சொன்னாள். அடுத்த வாரம் மறுபடியும் சந்துதான். பிறந்த தெருவை மாற்றிக்கொள்ள முடியாது. கோவிலில் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள ஒரு தலைமுறைப் போராட்டம் வேண்டும். கொட்டகையில் உட்கார்ந்த இடத்தை அடுத்த அமாவாசைக்கு மாற்றிக்கொள்ளலாம். கொட்டகை தந்த சமத்துவம் இவ்வளவுதான். இதை அற்பமென்று சொல்கிறவன் எழுந்து நிற்கவேண்டிய கட்டாயத்தை அறியாதவன்.

கொட்டகையின் இந்த அமைப்பை நம் விமர்சகர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டவர்கள் அரசியல்வாதிகள். சி. என். அண்ணாதுரை இந்த ஊரில், நெசவாளர் குடும்பத்தில், 1909ல் பிறந்தவர். அவர் எழுதிய 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் வெளிவந்த 1949ஆம் வருஷத்தில்தான் திராவிட முன்னேற்றக் கழகமும் தொடங்கியது. 'வேலைக்காரி' ஜமீன்தார் வீட்டையும் அங்கே வேலை செய்யும் பெண்ணையும் பற்றியது. அதை ஒரே இருட்டில் பண்ணைக்காரர் பின்னால் சோபாவிலும் அவர் வீட்டு வேலையாள் முன்னால் தரையிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நாடக மேடையில் அதே வசனம் முன்வரிசைச் சோபாவைத் தாண்டித்தான் தரைக்குப் போகவேண்டும். சினிமாவில் அது முதலில் விழுந்தது தரை டிக்கெட்டின் மேல். கைதட்டல் முன்னாலிருந்து கிளம்பிப் பின்னால் போனது. முதலாளிக்குத் தன் வேலையாளின் முகம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். இந்தப் படங்களின் வசனம் செயற்கையானது, மேடைத்தனமானது என்று நாம் சொன்னதில் தவறில்லை. அந்த வசனம் எந்தத் திசையில் பயணம் செய்தது என்று பார்க்காததுதான் தவறு. நாம் படத்தை இலக்கியமாகப் படித்தோம். அவர்கள் கொட்டகையைத் தொகுதியாகப் படித்தார்கள்.

சின்னக் கொட்டகைகள் போனதற்கு ஒரே காரணம் இல்லை. 1975ல் சென்னைத் தொலைக்காட்சி, எண்பதுகளில் வீடியோ, 1993க்குப் பிறகு தமிழ்ச் சாட்டிலைட் சானல்கள். பிறகு பிலிம் பெட்டியே இல்லாமல் போயிற்று. ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பங்குபோட்டுக்கொண்டு, ரீல் பெட்டியைச் சைக்கிளில் கட்டி ஒருவன் இங்கும் அங்கும் மிதித்த காலம் முடிந்து, டிஜிட்டல் கருவி வாங்க முடியாதவன் கதவைச் சாத்தவேண்டியதாயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சி வரியும் சேர்ந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் சில நாட்கள் மூடிக் கிடந்தன. 2020 மார்ச்சில் கொள்ளைநோய்க்காக மூடியவை நவம்பரில்தான் திறந்தன, எல்லாம் திறக்கவில்லை.

இன்று நகரங்களில் இருக்கும் மல்டிப்ளெக்ஸில் சந்து வாசல் இல்லை. ஒரே முகப்பு, ஒரே கண்ணாடிக் கதவு, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி நாற்காலி. சிவத்தம்பி கண்ட சமத்துவம் உள்ளே முழுமையாகிவிட்டதுபோலத் தோன்றும். குட்டிச் சுவரும் இடுப்பளவுச் சுவரும் இடிந்தது உண்மைதான். அவை டிக்கெட் விலையாக மாறிக் கட்டிடத்துக்கு வெளியே போய் நிற்கின்றன. முன்பு முதலாளியும் தொழிலாளியும் வேறு வாசல்களில் நுழைந்து ஒரே சத்தத்தைக் கேட்டார்கள். இப்போது வாசல் ஒன்று. அதில் நுழைகிறவர்கள் ஏற்கனவே ஒரே மாதிரியானவர்கள். மற்றவன் வீட்டில் செல்போனில் பார்த்துக்கொள்கிறான். அவன் எங்கே கைதட்டினான் என்பது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை.

எங்கள் பகுதிக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பட்டுச்சேலைக் கடை. முகப்பில் படிகள் இருந்த இடத்தில் சலவைக்கல். கார்கள் வந்து நிற்கின்றன. கதவைத் திறந்துவிட ஒருவர் இருக்கிறார். திரை இருந்த பக்கச் சுவர் மட்டும் பழையது என்று நினைக்கிறேன், மேலே காரை பெயர்ந்த இடத்தில் பழைய செங்கல் தெரிகிறது. சந்தும் அப்படியே இருக்கிறது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது, நெய்து முடித்த சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் அங்கே காத்திருந்தார். தரை டிக்கெட் கொடுத்த இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு. நெய்தவர்கள் சரக்கைக் கொண்டுவந்து கொடுப்பது அந்த வழியாகத்தான்.